ஏற்ற துணை என்றால் சொந்தச் சாதி என்று எந்த அகராதியில் இருக்கிறது?



இதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலேயே எழுதியிருக்கலாம். ஆனால் அங்கே நான்கு வரிக்கு மேல் போனால் யாரும் படிப்பதில்லை, கை கூப்பும் படத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். முப்பத்து மூன்று வருடம் கரும்பலகையில் எழுதியவனுக்கு நான்கு வரி போதாது. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் உங்களில் பலருக்குத் தெரியும். என் தங்கை மகளுக்கு இந்தத் தை கடைசியில் தஞ்சாவூரில் கல்யாணம். மாப்பிள்ளை நம் சபைப் பையன்தான். அதே ஞானஸ்நானம், அதே பாட்டுப் புத்தகம், அதே திருவிருந்து. சாதி மட்டும் வேறு. அவனுடைய தாத்தா இந்தக் குடவாசல் பக்கத்தில் பண்ணையாளாக இருந்தவர். கோயிலில் முதல் ஓலை வாசித்த அன்று சாயங்காலமே குழுவில் ஆரம்பித்துவிட்டது. என் ஒன்றுவிட்ட அண்ணன் ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் போட்டு, "வேதம் வெறுமனே துணை என்று சொல்லவில்லை, ஏற்ற துணை என்று சொல்கிறது. ஏற்ற என்ற சொல்லைக் கவனிக்கவும்" என்று எழுதினார். கீழே பதினேழு கை கூப்பல், நான்கு ஆமென். மறுநாள் காலை, "நாங்கள் கல்யாணத்துக்கு வருவதற்கில்லை" என்று மூன்று குடும்பத்திலிருந்து தங்கைக்குத் தனித்தனியாகப் போன்.

ஒரு தமிழாசிரியனிடம் போய்ச் சொல்லைக் கவனிக்கச் சொல்லிவிட்டீர்கள், அண்ணே. கவனித்தேன்.

வேதாகமம் படிக்காத என் மாணவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். முதல் அதிகாரத்தில் கடவுள் ஒவ்வொன்றாகப் படைக்கிறார். ஒவ்வொன்றையும் பார்த்து நல்லது என்கிறார். வெளிச்சம் நல்லது, கடல் நல்லது, புல் பூண்டு நல்லது. கடைசியில் மனிதரைத் தம் சாயலில் ஆணும் பெண்ணுமாகப் படைக்கிறார். அந்தக் காலத்தில் எகிப்திலும் பாபிலோன் பக்கத்திலும் அரசனைத்தான் தெய்வத்தின் சாயல் என்பார்கள். மண் வெட்டுகிறவனை அப்படிச் சொல்வது அபூர்வம். இந்தப் புத்தகம் அந்தப் பட்டத்தை அரசனிடமிருந்து பிடுங்கி எல்லாருக்கும் கொடுத்துவிட்டது.

இரண்டாம் அதிகாரத்தில் கதையைக் கிட்டத்தில் போய்ச் சொல்கிறார்கள். எபிரெய மொழியில் மண்ணுக்கு அதாமா என்று பெயர். அதிலிருந்து பிசைந்தவன் ஆதாம். நம் ஊர்க்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம், சேற்றில் கால் வைத்துப் பிறந்தவன்தானே. அவனுக்குத் தோட்டம் இருக்கிறது, ஆறு இருக்கிறது, அதைப் பண்படுத்திக் காக்கிற வேலை இருக்கிறது. கடவுளோ கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருக்கிறார். பாம்பு இன்னும் வரவில்லை, பாவமும் வரவில்லை. அப்படிப்பட்ட இடத்தில்தான் கடவுள் முதல் முறையாக ஒன்றைப் பார்த்து நல்லதல்ல என்கிறார். மனிதன் தனியாக இருப்பது நல்லதல்ல.

இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். கடவுள் பக்கத்தில் இருந்தும் அவன் தனியாக இருக்கிறான் என்று கடவுளே சொல்கிறார். "நான் இருக்கிறேனே, போதாதா" என்று அவர் கேட்கவில்லை. வயதானவர்கள் தனியாகக் கிடக்கும்போது போய் "கர்த்தர் உங்களோடு இருக்கிறார்" என்று ஜெபித்துவிட்டு அரை மணியில் கிளம்புகிறவர்கள், அந்தக் கர்த்தர் இந்த விஷயத்தில் என்ன நினைத்தார் என்று ஒரு தடவை படித்துப் பார்க்கலாம்.

இப்போது அந்த ஏற்ற துணை. மூலத்தில் ஏசெர் கெனெக்தோ என்று இரண்டு சொற்கள். எனக்கு எபிரெயம் தெரியாது. உரை நூல்களைப் பார்த்தும், செமினரியில் படித்த என் பழைய மாணவன் ஒருவனைக் கேட்டும் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன். ஏசெர் என்றால் உதவி. ஒத்தாசைக்கு வைத்துக்கொள்கிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். பழைய ஏற்பாட்டில் இந்தச் சொல் பெரும்பாலும் கடவுளைத்தான் குறிக்கிறது, ஆபத்தில் வந்து நிற்கிற துணை என்ற பொருளில். அடுத்து கெனெக்தோ. அவனுக்கு எதிரே, நேருக்கு நேர், அவனுக்கு ஈடாக நிற்கிற ஒருவர் என்பது அதன் கருத்து. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. கண்ணும் கண்ணும் ஒரே உயரத்தில். இதைத்தான் நம் முன்னோர் ஏற்ற என்று பெயர்த்தார்கள். நல்ல சொல்தான். அதைக் கொண்டுபோய் "ஏற்ற மணமகன் தேவை" என்று விளம்பரத்தில் போட்டு, பக்கத்திலேயே சாதிப் பெயரையும் போட்டுப் போட்டு, இரண்டும் ஒன்றென்று நம்பிவிட்டோம். சொல்லின் மேல் தப்பில்லை.

அந்த அதிகாரத்தில் இன்னொரு கட்டம் உண்டு. அதை யாரும் பிரசங்கத்தில் எடுப்பதில்லை, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு வண்ணம் அடிக்க மட்டும் கொடுப்பார்கள். துணை தேவை என்று சொன்ன கடவுள் முதலில் மிருகங்களைத்தான் கொண்டுவருகிறார். ஆதாம் எல்லாவற்றுக்கும் பெயர் வைக்கிறான். மாடு உழும், ஆடு பால் தரும். எல்லாம் உபயோகம். ஆனால் துணை அகப்படவில்லை. பெயர் வைத்து வேலை வாங்கலாம், நேருக்கு நேர் நிற்காது. பிறகு பெண்ணைப் பார்த்ததும்தான் இது என் எலும்பு, என் சதை என்று துள்ளுகிறான்.

அண்ணே, நம் தாத்தா வீட்டுக் களத்தை நினைத்துப் பாருங்கள். நாற்றுப் பறிக்க, நடவு நட, கதிர் அறுக்க, போர் போட எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தார்கள். நாம் வைத்த பெயரால் கூப்பிட்டோம், வயதில் பெரியவரையும் ஒருமையில். சாப்பாடு கொல்லையில். கோயிலுக்கு வந்தால் கடைசிப் பாய். மிருகங்களுக்கு ஆதாம் கொடுத்த இடம் எதுவோ அதைத்தானே அவர்களுக்குக் கொடுத்தோம்? அவர்களும் அதே அதாமாவிலிருந்து பிசைந்தவர்கள் என்று ஞாயிறு தோறும் வாசித்துக்கொண்டே கொடுத்தோம்.

"இதெல்லாம் இப்போது கிளம்பிய பேச்சு" என்று ஒரு சித்தி எழுதியிருந்தார்கள். இல்லை சித்தி. நம் தஞ்சாவூர்ச் சீமையில் இந்தச் சண்டைக்கு முந்நூறு வயது ஆகப்போகிறது.

சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியது 1706-ல். 1718-ல் புது எருசலேம் ஆலயம் பிரதிஷ்டை ஆனது. சிலுவை வடிவக் கட்டடம். கூரை ஒன்றுதான், உட்காரும் இடம் சாதிக்கு ஒன்று. அந்த மிஷனில் திருவிருந்துக்கு இரண்டு கிண்ணம் வைத்திருந்த காலமும் உண்டு. 1733-ல் ஆரோன் குருப்பட்டம் பெற்றார், அங்கே பட்டம் பெற்ற முதல் தமிழர். நம் குடும்பத்தில் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அடுத்த பட்டத்துக்குப் பேச்சு வந்தபோது ராஜநாயக்கன் என்று ஒருவர் இருந்தார். தஞ்சை அரசரின் படையில் சேவகம் செய்தவர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ் வேதத்தைப் படித்து, தானே தேடி வந்து சேர்ந்தவர். உபதேசியாராக ஊர் ஊராக நடந்தவர், அடியும் பட்டவர். தகுதியில் யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் பறையர். அவர் கையால் மற்றவர்கள் திருவிருந்து வாங்க மாட்டார்கள் என்று மிஷனரிகள் பயந்தார்கள். 1741-ல் பட்டம் தியோகு என்பவருக்குப் போனது. ராஜநாயக்கன் உபதேசியாராகவே இருந்துவிட்டார். இந்தப் பெயரை நான் எந்தச் சபை விழா மேடையிலும் கேட்டதில்லை.

பிறகு 1833. கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சுற்றறிக்கை அனுப்புகிறார்: சபைக்குள் சாதி வேறுபாடு உடனே ஒழிய வேண்டும், சேர்ந்து உட்கார வேண்டும், சேர்ந்து திருவிருந்து எடுக்க வேண்டும். தஞ்சாவூரில் அதை வாசித்ததும் பலர் எழுந்து வெளியே போய்விட்டார்கள். அந்தப் பக்கம் நின்றவர்களில் பெரியவர் வேதநாயக சாஸ்திரியார். சுவார்ட்ஸ் ஐயர் வளர்த்த பிள்ளை, சரபோஜி மன்னரின் நண்பர். அவர் பாட்டில்லாமல் நம் வீட்டில் கல்யாணமும் இல்லை, சாவும் இல்லை. ஒரு விஷயத்தில் அவர் பக்கம் நியாயம் இருந்தது என்றே சொல்வேன். அப்போது சில மிஷனரிகள் சாதியோடு சேர்த்துத் தமிழ்ப் பாட்டையும் பூமாலையையும்கூட வேண்டாம் என்றார்கள். அதை எதிர்த்து அவர் வாதாடியது சரி. பாட்டில் நான் அவர் கட்சி. பாயில் இல்லை. பூ வைத்துக்கொள்வதும் பக்கத்து மனுஷனைத் தள்ளி உட்கார வைப்பதும் ஒரே மாதிரி வழக்கம் என்று அவர் நினைத்தார். அவ்வளவு பெரிய புலமைக்கு அந்த வித்தியாசம் தெரியாமல் போனது எனக்கு இன்றைக்கும் ஆற்றாமைதான்.

போனவர்களில் பலருக்குப் பின்னால் வந்த லைப்சிக் மிஷன் இடம் கொடுத்தது. அதன் தலைவர் கார்ல் கிரவுல், சாதியைச் சமூக வழக்கமாகப் பொறுத்துக்கொண்டு மெல்ல மாற்றலாம் என்றவர். என் மாணவர்களுக்கு அந்தப் பெயர் ஞாபகம் இருக்க வேண்டும், ஒரு மதிப்பெண் வினா. திருக்குறளை ஜெர்மன் மொழியில் 1856-ல் வெளியிட்டவர் அவரேதான். பெருமை அதிகாரத்தில் இரண்டாம் குறளுக்கு வந்தபோது பேனா கொஞ்சம் தயங்கியிருக்குமோ என்று வகுப்பில் கேட்டிருக்கிறேன்.

மெல்ல மாறும் என்று அவர் சொல்லி நூற்றெழுபது வருடம் போய்விட்டது. மெல்லத்தான் மாறுகிறது, ஒப்புக்கொள்கிறேன். கிண்ணம் ஒன்றாகிவிட்டது. பெஞ்சு ஒன்றாகிவிட்டது. கல்யாணம் என்று வந்தால் மட்டும் கிண்ணம் திரும்பவும் இரண்டாகிவிடுகிறது.

குழுவில் வந்த மற்ற வாதங்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு வயலில் இரண்டு விதை விதைக்கக் கூடாது என்று லேவியராகமம் சொல்கிறதாம், அது கலப்புக் கல்யாணத்துக்கும் பொருந்துமாம். அண்ணே, போன வாரம்தான் உங்கள் வயலில் சம்பா அறுக்கும் முன்னாலேயே தாளுக்குள் உளுந்து தெளித்தார்கள். நான் வரப்பில் நின்று பார்த்தேன். டெல்டா முழுக்க வருடா வருடம் நடக்கிறது. விதையைப் பற்றி விதைக்கே சொன்ன சட்டத்தை வயலில் விட்டுவிட்டு மனுஷன் மேல் போடுகிறீர்கள். மோசே கூஷ் தேசத்துப் பெண்ணைக் கட்டியதற்கு மிரியாம் முணுமுணுத்தாள். தண்டனை மோசேக்குக் கிடைக்கவில்லை, மிரியாமுக்குத்தான் குஷ்டம் வந்தது. எண்ணாகமம் பன்னிரண்டு. ரூத் மோவாபியப் பெண். தாவீது அவள் கொள்ளுப் பேரன். இதற்கு மேல் வசனச் சண்டை வேண்டாம்.

இன்னொருவர், "பிள்ளைகள் பின்னால் கஷ்டப்படுவார்கள், அந்த அக்கறைதான்" என்கிறார். படலாம். யாரால் படுவார்கள்? கல்யாணத்துக்கு வராதவர்களால், பிறந்த குழந்தையைப் பார்க்க வராதவர்களால். கஷ்டத்தைக் கொடுக்கிறவரே அதை முன்கூட்டித் தெரிவிப்பதற்கு அக்கறை என்று பெயர் வைக்க முடியாது.

இனி எனக்கே சங்கடமான ஒன்றைச் சொல்ல வேண்டும்.

எங்கள் பெரிய அக்காவை உங்களில் நிறையப் பேருக்குத் தெரியும். நர்ஸ் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டுக் கல்யாணம் ஒவ்வொன்றிலும் தனிமை நல்லதல்ல என்ற பிரசங்கத்தைப் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்பார். யாராவது ஒருவர் திரும்பி அவரைப் பார்ப்பார்கள். நாற்பது வருடம் அந்த வசனத்தைக் கல்லாக்கி அவர் மேல் எறிந்தோம். அது தம்பதிகளுக்கு மட்டும் சொன்னதென்றால் அக்காவுக்கு அதில் பங்கில்லை, பவுலுக்கும் இல்லை, இயேசுவுக்கும் இல்லை. அப்படிப் படிக்க முடியாது. ஆணும் பெண்ணும் அங்கே ஆரம்பம். அதிலிருந்து குடும்பம், தெரு, ஊர், சபை.

கடைசி நான்கு மாதம் அக்கா படுக்கையில் கிடந்தார். நான் சென்னையில் மகன் வீட்டில், கண் ஆபரேஷன் என்று இருந்துவிட்டேன். உறவுக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆப்பிளும் ஹார்லிக்சுமாக வந்து ஜெபித்துவிட்டுப் போனார்கள். கூட இருந்தது காலனிப் பெண்கள் மூன்று பேர். ஒரு காலத்தில் அக்கா அவர்களுக்குப் பிரசவம் பார்த்தவர். ஒருத்தி காலையில் கஞ்சி. ஒருத்தி தலைக்குத் தண்ணீர் ஊற்றிச் சிக்கெடுத்துப் பின்னிவிடுவாள். மூன்றாமவள் ராத்திரிக்குப் பாய் போட்டு அங்கேயே படுத்துக்கொள்வாள். ஏசெர் என்பதற்கு எனக்குத் தெரிந்த விளக்கம் அதுதான், உரை நூலில் படித்ததெல்லாம் அப்புறம். அடக்கத்தன்று அந்த மூவரும் வாசல் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். நான் வந்துவிட்டேன். பார்த்தேன். உள்ளே கூப்பிட வாய் எடுத்தேன். நம்மவர் ஒருவர், "இப்ப வேண்டாம், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். சரி என்றேன். சாப்பாட்டின்போது எல்லாருக்கும் இலை போட்டது, அவர்களுக்குப் பொட்டலம். அதை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தவன் நான்தான். தலை பின்னிவிட்டவள் வாங்கிக்கொண்டாள், மற்ற இருவரும் வேண்டாம் சார் என்று போய்விட்டார்கள்.

அன்று ராத்திரி எனக்கு ஞாபகம் வந்தது ஒரு பழைய வகுப்பு. சேரமான் கணைக்கால் இரும்பொறையைச் சோழன் செங்கணான் பிடித்துச் சிறை வைத்தது நம் ஊரில்தான், குடவாயிற் கோட்டத்தில். புறநானூற்று எழுபத்து நான்காம் பாட்டின் அடிக்குறிப்பு சொல்கிறது. (அதே சோழன் கட்டிய மாடக்கோயில் என்றுதான் நம் கோணேசுவரர் கோயிலையும் சொல்கிறார்கள்.) தாகத்துக்குத் தண்ணீர் கேட்டான், காவலர்கள் உடனே தரவில்லை. நேரம் கழித்து வந்த தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டே, குடிக்காமல் செத்துப்போனான். ஒரு பையன், "தண்ணிதான் வந்துடுச்சே சார், குடிச்சிருக்கலாமே" என்றான். கடைசி பெஞ்சிலிருந்து காலனிப் பையன் ஒருவன் எழுந்து, "குடுத்த விதம் சார்" என்றான். நான் சபாஷ் என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டேன். அவன் எதைச் சொன்னான் என்பது பொட்டலம் கொடுத்த கைக்குத்தான் பிடிபட்டது. அவன் இதைப் படித்தால் ஒரு போன் செய்யட்டும், நம்பர் மாறவில்லை.

ஆதாமுக்குக் கொடுத்த வேலையில் காப்பது என்று ஒரு சொல் வருகிறது என்றேன் அல்லவா. நான்காம் அதிகாரத்தில் தம்பியைக் கொன்றுவிட்டு, அவனுக்கு நான் காவலா என்று காயீன் கேட்கிற இடத்தில் மூலத்தில் வருவதும் அதே சொல்தான். தோட்டத்தைக் காக்கத் தெரிந்தவன் தம்பியைக் காக்க மாட்டேன் என்கிறான். தம்பியின் ரத்தம் அந்த அதாமாவிலிருந்துதான் கூப்பிடுகிறது. நம் மண்ணுக்கும் அப்படி ஒரு ராத்திரி உண்டு. கீழ்வெண்மணி, 1968 டிசம்பர் 25. கூலி கேட்ட குடும்பங்கள், ஒரே குடிசைக்குள் நாற்பத்து நான்கு பேர், அதிகமும் பெண்களும் குழந்தைகளும். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. நாங்கள் கிறிஸ்துமஸ் பலகாரம் தட்டில் வைத்துத் தெருவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த ராத்திரி. மறுநாள் பெரியவர்கள் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். அந்த வார ஆராதனையில் யாரும் அதைச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. வயலை வருஷம் முழுக்கக் காத்த ஊர்தான் இது.

அண்ணன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். கோபம்தான். ஆனால் என் அப்பா இறந்தபோது எனக்குக் கல்லூரிப் பணம் கட்டியவர் அவர். அவருக்கு மரியாதை குறைவாக யாரும் கீழே எழுத வேண்டாம், எழுதினால் எடுத்துவிடுவேன். அவரிடம் நான் கேட்பது ஒன்றுதான். கல்யாணத்தன்று வந்து அந்தப் பையனின் அப்பாவுக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். பேச வேண்டும் என்றுகூட இல்லை. சும்மா எதிரே.

நான் போகிறேன். அக்காவைப் பார்த்துக்கொண்ட மூன்று பேரையும் போன வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பத்திரிகை வைத்து அழைத்தேன். தலை பின்னிவிட்டவள் யோசித்துச் சொல்கிறேன் என்றாள். மற்ற இருவரும் வருகிறார்கள். தங்கை வீட்டுச் சாப்பாட்டில் பந்தி ஒன்றுதான். முதல் பந்தியிலேயே இவர்களோடு உட்காருவதாகச் சொல்லிவிட்டேன்.

குடவாசல் பஸ் ஸ்டாண்டிலிருந்து காலை ஐந்தே முக்காலுக்கு வேன். கும்பகோணம் வழி. பதினெட்டு சீட், இதுவரை பதினொரு பேர். மாணவர்களில் உள்ளூரில் இருப்பவர்கள் வருவதென்றால் புதன்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். அண்ணனுக்கும் அண்ணிக்கும் முன்சீட் எடுத்து வைத்திருக்கிறேன், அண்ணனுக்குக் கால் நீட்ட வேண்டும்.